ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்டு எழுதும்போது: மெயில் திருத்தும் வேலையில் கண்டவை

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில், வெளியே போகிற ஆங்கில மெயில்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது நெடுநாளாக என் பொறுப்புகளில் ஒன்று. தமிழ் பேசும் சகாக்கள் எழுதியதும் வரும், மற்ற மொழிக்காரர்கள் எழுதியதும் வரும். இவற்றில் எனக்கு அதிக நேரம் பிடிப்பவை, யாரிடமாவது ஏதாவது கேட்டு எழுதும் மெயில்கள்தான். தகவல் சொல்லும் மெயிலில் இலக்கணம் தவறினால் அது வெறும் பிழையாகப் போய்விடும். கேட்கிற மெயிலில் தவறினால் எழுதியவரின் குணமே வேறு மாதிரி தெரிந்துவிடுகிறது. நேரில் அதிர்ந்து பேசாத ஒருவர் எழுதியது அதட்டுவது போல இருக்கும். அவரோடு பழகிய எனக்கு அவர் மனசு தெரியும். முகம் பார்க்காமல் படிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

பணிவு இல்லாததால் இப்படி நடப்பதில்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியிலேயே இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதோடு ‘ங்கள்’ சேர்த்தால் ‘அனுப்புங்கள்’. அதுவும் ஏவல்தான், ஆனால் யார் காதையும் உறுத்தாது. ‘அனுப்புகிறீர்களா’, ‘அனுப்ப முடியுமா’, ‘அனுப்பி வைத்தால் உதவியாக இருக்கும்’ என்று இன்னும் இறங்கிப் போகவும் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘யூ’வில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ என்றால் பலர், அல்லது மரியாதைக்குரிய ஒருவர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த குவேக்கர் சமயத்தார், மனிதர் எல்லோரும் சமம் என்ற கொள்கையால் பெரிய பதவியில் இருப்பவர்களையும் ‘தௌ’ என்றே விளித்துப் பகையைச் சம்பாதித்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. எல்லோரும் ‘யூ’ ஆன பிறகு அந்தச் சொல்லைக் கொண்டு யாருக்கும் தனி மரியாதை காட்ட முடியாது. அதனால் இன்றைய ஆங்கிலம் அந்த வேலையை வாக்கிய அமைப்பிடம் விட்டிருக்கிறது. துணைவினையின் காலத்தை மாற்றுவது, கேள்வியாக்குவது, ‘இஃப்’ போட்டு நிபந்தனையாக்குவது, இவைதான் அதன் ‘ங்கள்’.

இதைச் சொல்லாமல் விட்டால் நாம் என்ன செய்கிறோம்? ‘ங்கள்’ இல்லாத குறையை வேறு சொற்களால் நிரப்பப் பார்க்கிறோம். முன்னால் ‘ரெஸ்பெக்டட் சார்’, நடுவில் ‘கைண்ட்லி’, பின்னால் ஒரு ‘ப்ளீஸ்’. ஆனால் “சார், கைண்ட்லி செண்ட் தி ரிப்போர்ட் டுடே” என்பதில் வினை ‘செண்ட்’ என்று மொட்டையாக நிற்கிறது. படிப்பவர் காதில் விழுவது அந்த ஏவல்தான். “குட் யூ செண்ட் மீ தி ரிப்போர்ட் டுடே?” என்பதில் சாரும் இல்லை, கைண்ட்லியும் இல்லை, இருந்தும் இதுதான் மென்மையாகக் கேட்கிறது. நான் முதலில் திருத்துவது எப்போதும் இந்த இடம். மரியாதைச் சொற்களைத் தொடமாட்டேன், வினையை மட்டும் மாற்றுவேன். பல நேரம் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

ஏவலே கூடாது என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். “ப்ளீஸ் சைன் ஹியர்” என்பதிலோ, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று படிப்படியாக விளக்கும் குறிப்பிலோ ஏவல் முழுக்கப் பொருத்தம். அங்கே போய் “வுட் யூ பி ஸோ கைண்ட் ஆஸ் டு சைன் ஹியர்” என்று எழுதினால் படிப்பவருக்குத்தான் சிரமம். எதிரில் இருப்பவர் மறுக்கவும் உரிமை உள்ள விஷயத்தைக் கேட்கும்போதுதான் ஏவல் கரடுமுரடாகிறது.

இப்போது துணைவினைகளுக்கு வருவோம். ‘கேன்’ என்பதற்குப் பதில் ‘குட்’, ‘வில்’ என்பதற்குப் பதில் ‘வுட்’ போட்டால் பணிவு கூடும் என்று எல்லோருக்கும் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவை இரண்டும் பிறப்பில் இறந்தகால வடிவங்கள். ஆங்கிலம் இறந்தகாலத்தை நேற்று நடந்ததைச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நடக்குமா என்று உறுதியில்லாததைச் சொல்லவும், கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடவும் அதையே பயன்படுத்துகிறது. “ஐ வாண்ட் டு ஆஸ்க் யூ சம்திங்” என்பதைவிட “ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்” மென்மை. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ” இன்னும் மென்மை. இப்போதுதானே கேட்கிறோம், எதற்கு ‘வாஸ்’ என்று சகாக்கள் கேட்பதுண்டு. நான் சொல்லும் விளக்கம் இதுதான்: இப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்தது, உங்களுக்கு வசதிப்படாவிட்டால் அது போன எண்ணமாகவே போகட்டும் என்று அந்த இறந்தகாலம் வழிவிடுகிறது. இது புரிந்துவிட்டால் ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’, ‘வாஸ் ஹோப்பிங்’ எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும், தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

“கேன் யூ” என்றால் திறமையைக் கேட்பதாகாதா என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1975இல் மறைமுகமாகக் கேட்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமே, மேஜையில் எட்டாத தூரத்தில் இருக்கும் உப்பைத் தர முடியுமா என்ற கேள்விதான். அதைக் கேட்பவர் எதிராளியின் கையின் வலிமையைச் சோதிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தமிழில் ‘தர முடியுமா’ என்பதும் அப்படியே. ஆகவே “கேன் யூ” தாராளமாக எழுதலாம். தினமும் பேசுகிற சகாவிடம் ஒரு லிங்க் கேட்க அதுதான் சரியான அளவு.

இந்த அளவு பார்ப்பதற்கு எனக்குக் கைகொடுத்தது பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவரின் ஆய்வு. 1978இல் முதலில் வெளியானது. பணிவு உலகமெங்கும் எப்படி இயங்குகிறது என்று சொல்ல அவர்கள் மூன்று மொழிகளை முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள்: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயன் மொழிகளில் ஒன்றான செல்டால், அப்புறம் நம் தமிழ். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பேச்சைக் கவனித்து எழுதிய இடங்களைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வேண்டுகோளின் கனத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் முடிவு. இருவருக்கும் இடையே எவ்வளவு பழக்கம், யாருக்கு யார்மீது அதிகாரம், கேட்கும் காரியம் எவ்வளவு பெரியது. கனம் கூடக் கூட வாக்கியம் சுற்றிப் போகும்.

எதையாவது திருத்த உட்காரும்போது நான் இந்த மூன்றையும்தான் எழுதியவரிடம் கேட்பேன். பழகிய ஆள், சின்ன வேலை என்றால் “கேன் யூ” போதும். அதிகம் பழக்கமில்லாதவர், நடுத்தரமான வேலை என்றால் “குட் யூ ப்ளீஸ்”. முன்பின் தெரியாதவரிடம் அரைநாள் வேலை கேட்கிறோம் என்றால் “ஐ வாஸ் வொண்டரிங் வெதர் யூ மைட் ஹாவ் டைம் டு லுக் அட் திஸ்” அல்லது “ஐ வுட் பி க்ரேட்ஃபுல் இஃப் யூ குட் லுக் அட் திஸ்”. இந்த இரண்டும் கேள்வியாகத் தோன்றினாலும் இலக்கணப்படி சாதாரண வாக்கியங்கள். கடைசியில் முற்றுப்புள்ளிதான் வர வேண்டும், கேள்விக்குறி வராது.

அளவு மீறினாலும் கெடுதல் உண்டு. பக்கத்து மேஜைக்காரரிடம் ஒரு ஃபைலைக் கேட்க “ஐ வுட் பி மோஸ்ட் க்ரேட்ஃபுல் இஃப் யூ குட் பாஸிப்ளி” என்று தொடங்கினால், இவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுதான் அவர் நினைப்பார். நம்மிடமும் நெருங்கிய நண்பர் திடீரென்று ‘தாங்கள்’ என்று பேசினால் அப்படித்தானே தோன்றும்.

சரி, அளவு தெரிந்துவிட்டது. இலக்கணம் எங்கே சறுக்குகிறது? நான் மிக அதிகம் திருத்துவது கேள்விக்குள் கேள்வி வரும் இடம். “வேர் இஸ் தி ஃபைல்?” என்பது நேர்க்கேள்வி. அதைப் பணிவாக்க முன்னால் “குட் யூ டெல் மீ” சேர்க்கிறோம். சேர்த்த உடனே உள்ளே இருப்பது கேள்வி வடிவத்தை இழந்து சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும்: “குட் யூ டெல் மீ வேர் தி ஃபைல் இஸ்?” பெரும்பாலோர் “குட் யூ டெல் மீ வேர் இஸ் தி ஃபைல்?” என்றே எழுதுகிறார்கள். காரணம் தமிழில் இருக்கிறது. ‘அவர் எப்போது வருவார்?’ என்பது ‘அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியுமா?’ ஆகும்போது உள்ளே ஒரு சொல்கூட இடம் மாறுவதில்லை. ‘என்று’ எல்லாவற்றையும் அப்படியே தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு ‘என்று’ இல்லை. அதனால் “வென் வில் ஹி கம்” என்பது உள்ளே போகும்போது “வென் ஹி வில் கம்” ஆகிறது. “வாட் இஸ் தி ஸ்டேட்டஸ்” என்பது “வாட் தி ஸ்டேட்டஸ் இஸ்” ஆகிறது.

‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ இருந்தால் அவை உதிர்ந்துவிடும். “ஹௌ டஸ் திஸ் வொர்க்?” உள்ளே போனால் “குட் யூ டெல் மீ ஹௌ திஸ் வொர்க்ஸ்?” டஸ்ஸில் இருந்த ‘ஸ்’ வினையில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் ‘வெதர்’ அல்லது ‘இஃப்’ வேண்டும்: “குட் யூ டெல் மீ வெதர் தி பேமெண்ட் ஹாஸ் பீன் மேட்?” ஒரே ஒரு விலக்கு. கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் எதுவும் நகராது. “ஹூ அப்ரூவ்ட் திஸ்?” என்பது “குட் யூ டெல் மீ ஹூ அப்ரூவ்ட் திஸ்?” என்று அப்படியே நிற்கும். பேச்சில் ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் சில நேரம் இந்த வரிசையைத் தளர்த்துகிறார்கள். எழுத்தில், குறிப்பாக அலுவல் மெயிலில், சரியான வரிசையையே பழகிக்கொள்வது நல்லது. வாரம் முழுக்க மெயில் எழுதுகிறவருக்கு இந்த ஒன்று கைவந்தாலே அவர் ஆங்கிலம் வேறு தரத்துக்குப் போய்விடும்.

அடுத்தது “வுட் யூ மைண்ட்”. இதன் அடிப்படைப் பொருள் ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்பது. பிறகு வரும் வினை தொழிற்பெயராக, ‘இங்’ சேர்ந்துதான் வரும்: “வுட் யூ மைண்ட் செண்டிங் இட் அகெய்ன்?” இங்கே ‘டு செண்ட்’ வராது. செய்ய வேண்டாம் என்று கேட்க ‘நாட்’ தொழிற்பெயருக்கு முன்னால்: “வுட் யூ மைண்ட் நாட் ஃபார்வர்டிங் திஸ்?” செய்யப்போவது நாமே என்றால் அமைப்பு மாறும். “டூ யூ மைண்ட் இஃப் ஐ ஜாயின் தி கால்?” என்பதில் நிகழ்காலம், “வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஜாயின்ட் தி கால்?” என்பதில் இறந்தகாலம். முன்பு சொன்ன அதே இடைவெளிக் காலம்தான் இங்கும் வேலை செய்கிறது.

இதற்குப் பதில் சொல்வதிலும் கவனம் தேவை. சம்மதம் என்றால் “நோ, நாட் அட் ஆல்”. ஆட்சேபம் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்கிறோம். தமிழில் ‘அனுப்ப முடியுமா’ என்பதற்கு ‘ஆம்’ சொல்லிப் பழகிய வாய் இங்கே “யெஸ்” என்று சொல்லிவிடும். எழுத்துப்படி அதன் பொருள், எனக்கு ஆட்சேபம் உண்டு என்பது. பேச்சில் சிரித்த முகத்தோடு “ஷ்யூர்” என்றால் எல்லோருக்கும் புரியும். மெயிலில் சிரித்த முகம் கிடையாது. “நாட் அட் ஆல், ஐ வில் செண்ட் இட் திஸ் ஈவ்னிங்” என்று செயலையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

“ஐ வுட் அப்ரீஷியேட் இஃப் யூ குட்” என்று எழுதுவதையும் நிறையப் பார்க்கிறேன். ‘அப்ரீஷியேட்’ செயப்படுபொருள் இல்லாமல் இப்படி நிற்காது. “ஐ வுட் அப்ரீஷியேட் இட் இஃப் யூ குட்” என்று ஓர் ‘இட்’ வேண்டும். பின்னால் பெயர்ச்சொல் வந்தால், “ஐ வுட் அப்ரீஷியேட் யுவர் ஹெல்ப்” என்பது போல, ‘இட்’ தேவையில்லை. ‘க்ரேட்ஃபுல்’ பெயரடை என்பதால் அதற்கும் ‘இட்’ வேண்டாம்.

இந்த வகை வாக்கியங்களில் நன்றாக இலக்கணம் படித்தவர்களுக்கே ஒரு தயக்கம் வரும். ‘இஃப்’ பகுதியில் ‘வுட்’ வரக்கூடாது என்று படித்திருக்கிறோமே, “ஐ வுட் பி க்ரேட்ஃபுல் இஃப் யூ வுட் ரிப்ளை” எப்படிச் சரியாகும்? அந்த விதி மழை பெய்தால், நேரம் இருந்தால் போன்ற நிபந்தனைகளுக்கு. வேண்டுகோளில் வரும் ‘வுட்’ மனமிருந்தால் என்ற பொருளைத் தருவது, அதனால் ஏற்கப்படுகிறது. இருந்தும் தயக்கமாக இருந்தால் ‘குட்’ போடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரு பகுதிகளும் பொருந்தி வர வேண்டும். “வுட் பி க்ரேட்ஃபுல்” என்று தொடங்கினால் “இஃப் யூ குட்”. “வில் பி க்ரேட்ஃபுல்” என்றால் “இஃப் யூ கேன்”.

‘மே’ என்ற சொல்லை நம் ஆட்கள் மிகவும் நம்புகிறார்கள். அது நம்மைக் குறித்து அனுமதி கேட்கும்போது மட்டும்தான் பணிவு: “மே ஐ கால் யூ டுமாரோ?” எதிராளியை வைத்து “மே யூ ப்ளீஸ் செண்ட்” என்று கேட்க முடியாது. ஆங்கிலத்தில் “மே யூ” என்று தொடங்குவது வாழ்த்து. “யூ மே செண்ட் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே” என்பதும் வேண்டுகோளாகாது, அனுமதி கொடுப்பதாகிவிடும். தமிழில் ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பலாம்’ என்று நாசூக்காகச் சொல்கிறோமே, அதை ‘மே’ போட்டு எழுதினால் பொருள் தலைகீழாகிறது. அதுபோல “வுட் யூ லைக் டு” என்பது ஒன்றை முன்வந்து தருவதற்கோ அழைப்பதற்கோ உரியது. “வுட் யூ லைக் டு செண்ட் மீ தி ஃபைல்?” என்று கேட்டால், அனுப்புவதை அவர் ஆசைப்பட்டுச் செய்வது போல விசித்திரமாக இருக்கும். “கேன் யூ ஏபிள் டு” என்பதில் ஒரே பொருள் இரண்டு முறை வருகிறது. “கேன் யூ” அல்லது “வில் யூ பி ஏபிள் டு”, இரண்டில் ஒன்று.

இன்னும் ஆபத்தானது “யூ ஹாட் பெட்டர்”. ‘பெட்டர்’ இருப்பதால் ‘அனுப்பினால் நல்லது’ என்ற பொருளில் மெதுவாகச் சொல்வதாக நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது எச்சரிக்கை: அனுப்பாவிட்டால் விளைவு இருக்கும். இதை வேண்டுகோளில் பார்த்தால் நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். ‘அனுப்பணும்’ என்பதை அப்படியே பெயர்க்கும் “யூ ஹாவ் டு செண்ட்” என்பதும் அதே பக்கம்தான்.

வினைகளோடு என்ன சேரும் என்பதில் சில சிறு விஷயங்கள். ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வந்தால் ‘ஃபார்’ வேண்டாம், பெயராக வந்தால் வேண்டும். “ஐ வுட் லைக் டு ரிக்வெஸ்ட் அன் எக்ஸ்டென்ஷன்”, ஆனால் “எ ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்”. “சஜஸ்ட் மீ எ புக்”, “எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ்” இரண்டும் தவறு. “குட் யூ சஜஸ்ட் எ புக்?”, “குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டு மீ?” என்பவை சரி. ‘ப்ளீஸ்’ சொன்ன பின் ‘டு’ வராது.

காலக்கெடு சொல்லும் இடத்தில் ஒரு சின்னச் சொற்றொடர் பெரிய குழப்பத்தை உண்டாக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘சீக்கிரம்’ என்ற பொருளில் நாம் “அட் தி எர்லியஸ்ட்” என்று எழுதுகிறோம். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் அது எல்லோருக்கும் விளங்கும். மற்ற நாட்டு வாசகருக்கு “மண்டே அட் தி எர்லியஸ்ட்” என்றால் திங்களுக்கு முன் கிடையாது என்று பொருள். திங்களுக்குள் வேண்டும் என்று நாம் கேட்க, திங்களுக்குப் பிறகு தந்தால் போதும் என்று அவர் எடுத்துக்கொள்வார். “பை மண்டே” என்பது தெளிவு. ‘அன்டில்’ இங்கே பொருந்தாது, அது திங்கள்வரை தொடர்ந்து நடக்கும் செயலுக்கு உரியது. நாள் குறிக்கத் தேவையில்லை என்றால் “ஆஸ் ஸூன் ஆஸ் யூ கேன்” போதும்.

“டூ தி நீட்ஃபுல்” பற்றியும் சொல்ல வேண்டும். அது நாமே உருவாக்கிய தவறு கிடையாது, பிரிட்டிஷார் நிர்வாகக் கடிதங்களில் எழுதி வந்ததுதான். அவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், தெற்காசிய அலுவலகங்கள் வைத்துக்கொண்டன. எனக்கு அதன் பழமையில் குறையில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை என்பதுதான் குறை. ஆவன செய்யுங்கள் என்று முடித்துவிட்டால் படித்தவர் மறுபடி நம்மிடமே வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கும். பதில் எழுதுங்கள் என்ற பொருளில் வரும் “ப்ளீஸ் ரிவர்ட்” இன்னொன்று. ‘ரிவர்ட்’ என்றால் முந்தைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் எழுதுகிறவரிடம் அப்படிச் சொன்னால், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறீர்கள் என்றே அவர் புரிந்துகொள்வார். “ப்ளீஸ் ரிப்ளை” என்ற எளிய சொல் இருக்கும்போது அது எதற்கு?

இலக்கணத்துக்கு அடுத்தபடி நான் வலியுறுத்துவது காரணம் சொல்வதை. உளவியலாளர் எலன் லேங்கரும் உடன் ஆய்ந்தவர்களும் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு முன்னால் இருப்பவரிடம், 5 பக்கம் எடுக்க வேண்டும், நான் முந்திக்கொள்ளலாமா என்று கேட்பது. வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். அவசரம் என்று காரணம் சொன்னபோது 94 சதவீதம். ‘நகல் எடுக்க வேண்டியிருக்கிறது’ என்று காரணமே இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னபோதும் 93 சதவீதம். இதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பிகாஸ்’ போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். சோதனையின் மறுபாதியைப் பார்க்க வேண்டும். 20 பக்கம் என்று கேட்டபோது வெறும் கேள்விக்கும் வெற்றுக் காரணத்துக்கும் 24 சதவீதம்தான், உண்மையான காரணத்துக்கு 42 சதவீதம். சின்ன விஷயத்துக்கு ஏதாவது ஒரு வார்த்தை போதும். பெரியதைக் கேட்கும்போது மெய்யான காரணம் வேண்டும். அதனால் பெரிய வேண்டுகோளோடு வரும் மெயிலில், “ஆஸ் தி ஆடிட்டர்ஸ் நீட் இட் ஆன் தர்ஸ்டே” என்பது போல ஒரு வரியாவது எழுதச் சொல்வேன். நான்கு ‘கைண்ட்லி’ தராத மரியாதையை அது தரும். படிப்பவரின் நேரத்தை மதித்து, ஏன் கேட்கிறோம் என்று சொல்கிறோம் அல்லவா.

கேட்பதை மெயிலின் அடியில் ஒளித்து வைக்கவும் வேண்டாம். வணக்கம், நலம், பின்னணி என்று மூன்று பத்தி கடந்த பிறகு கேட்பது பணிவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அலுவல் ஆங்கிலத்தில் இரண்டாவது வரியிலேயே கேட்டுவிட்டு, பின்னணியைப் பிறகு சொன்னால் படிப்பவருக்கு நிம்மதி.

நிறுத்தக்குறியில் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ப்ளீஸ்’ என்பதற்குப் பின்னால் காற்புள்ளி வைத்து “ப்ளீஸ், செண்ட் இட் டுடே” என்று எழுதினால் கெஞ்சுகிற தொனி வரும். முன்னால் வந்தால் காற்புள்ளி வேண்டாம், வாக்கியக் கடைசியில் வந்தால் அதற்கு முன் ஒரு காற்புள்ளி. “குட் யூ” என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறியா முற்றுப்புள்ளியா என்பதில் கையேடுகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. சில, வேண்டுகோள்தானே என்று முற்றுப்புள்ளியை அனுமதிக்கின்றன. நான் கேள்விக்குறியே வைப்பேன். முற்றுப்புள்ளி வைத்தால் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

முடிக்கும் இடத்தில் “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ” என்று எழுதுபவர்கள் ஏராளம். இந்த ‘டு’ முன்னிடைச்சொல், ஆகவே ‘ஹியரிங்’ வர வேண்டும். “தேங்க் யூ இன் அட்வான்ஸ்” இலக்கணப்படி சரி. ஆனால் இன்னும் சம்மதிக்காதவருக்கு முன்கூட்டியே நன்றி சொல்வது அவரைக் கட்டிப்போடுவதாகச் சிலர் உணர்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது “தேங்க் யூ ஃபார் கன்சிடரிங் திஸ்” என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பதில் வராதபோது மறுபடி கேட்பதுதான் மிகவும் சிரமமானது. அங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும், அல்லது எரிச்சல் எழுத்தில் கசியும். “யூ ஹாவ் நாட் ரிப்ளைட்” என்று தொடங்குவது குற்றப்பத்திரிகை. “குடுன்ட் யூ செண்ட் இட்?” என்ற எதிர்மறைக் கேள்வியும் ஏன் அனுப்பவில்லை என்ற குறையாகவே காதில் விழும். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: “ஐ ஆம் ரைட்டிங் டு ஃபாலோ அப் ஆன் தி ரிப்போர்ட். குட் யூ லெட் மீ நோ வென் ஐ மைட் எக்ஸ்பெக்ட் இட்? இஃப் சம்ஒன் எல்ஸ் இஸ் ஹேண்ட்லிங் திஸ் நௌ, ஐ வுட் பி ஹாப்பி டு ரைட் டு தெம்.” முதல் வாக்கியத்தில் யார்மீதும் பழி இல்லை. இரண்டாவதில், உள்ளே இருக்கும் கேள்வி ‘வென் ஐ மைட்’ என்று சரியான வரிசையில் நிற்கிறது. மூன்றாவது, அவரால் முடியாவிட்டால் சங்கடமில்லாமல் வேறு ஒருவரைக் காட்டிவிட வழி கொடுக்கிறது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ ஒரு பதில் வந்துவிடுகிறது, சில நேரம் அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உரிய ஆளின் பெயரோடு.